‘ரிட்ராக்டபிள்’ கத்தி: அடக்குவதா, அடங்குவதா?

அச்சகம், ஸ்டிக்கர் கடை, கூரியர் அலுவலகம், எங்கே போனாலும் இதற்கு ஒரே பெயர்தான்: கட்டர். கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளினால் ‘டக் டக்’ என்று பிளேடு வெளியே வரும், பின்னுக்கு இழுத்தால் உள்ளே போகும். ஆங்கிலத்தில் இதை யுடிலிடி நைஃப் என்பார்கள். பிளேடு உள்ளே போகும் வகை என்றால் முன்னால் ‘ரிட்ராக்டபிள்’ சேரும். பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் பெயராலேயே ஸ்டான்லி கத்தி, ஹீப்ரு மொழியில் ஜப்பானியக் கத்தி.

அப்படியே பெயர்த்து ‘உள்ளிழுக்கக்கூடிய பயன்பாட்டுக் கத்தி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பயன்பாட்டுக்கு இல்லாத கத்தி எது? அந்த முன்னொட்டைத் தயங்காமல் விட்டுவிடலாம். யோசிக்க வேண்டியது ரிட்ராக்டபிளைப் பற்றித்தான்.

அதன் வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் பின்னே, ‘டிராஹெரெ’ என்றால் இழுத்தல். வயலில் ஓடும் டிராக்டரும் இதே வேரில் பிறந்ததுதான். ஆக, பின்னுக்கு இழுக்கக்கூடியது என்பது பொருள். ஆனால் இழுப்பது யார், நம் விரலா, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பாதுகாப்பு என்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

சாதாரண கட்டரில் நாம் இழுத்தால்தான் பிளேடு உள்ளே போகும். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் பொருள்மேல்தான் கண் போகிறது, கட்டர் பிளேடு நீட்டியபடியே மேசையில் கிடக்கிறது. ஸ்பிரிங் வைத்த வகையில் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் பிளேடு தானே உள்ளே போய்விடும். இதையும் தாண்டிய ஒரு வகை உண்டு. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மார்ட்டோர் நிறுவனம் அப்படிப்பட்ட கத்திகளைச் செய்கிறது. அறுக்கும்போது பிளேடின் மேல் விழும் இழுப்பு, அதைப் பொத்தானின் பிடியிலிருந்து விடுவித்துவிடும். அதற்கப்புறம் பிளேடை வெளியே நிறுத்தி வைப்பது அட்டையின் அழுத்தம் மட்டுமே. அட்டை முடிந்த கணம், விரல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் பிளேடு உள்ளே போய்விடும். கை வழுக்கும்போது பிடி இன்னும் இறுகத்தான் செய்யும், விரலை எடுக்கத் தோன்றாது. அதனால்தான் இந்த ஏற்பாட்டை மிகப் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறேன்.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஓர் எழுத்து மாறினால் போதும். மடங்கு – மடக்கு, ஒடுங்கு – ஒடுக்கு, அடங்கு – அடக்கு. தானே நடப்பது ஒன்று, நாம் நடத்துவது இன்னொன்று. ‘மடக்குக் கத்தி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அந்த வழியிலேயே, விரலால் உள்ளே தள்ளுவதை அடக்குக் கத்தி என்றும், தானே உள்ளே போவதை அடங்கு கத்தி என்றும் சொல்லலாம். ‘உள்ளிழு கத்தி’ தவறில்லை, ஆனால் அது முதல் வகைக்குத்தான் பொருந்தும். ‘உள்வாங்கு’ என்றால் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும்.

பிளேடுக்கு அலகு என்ற நல்ல சொல் இருக்கிறது. கோயில் திருவிழாவில் அலகு குத்துகிறோமே, அதே அலகு. பறவையின் மூக்கு, அளவையின் யூனிட் என்ற பொருள்களும் இதற்கு உண்டு. கத்தியோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது.

அலகை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தது. அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா, சவர பிளேடின் முனை மழுங்கியதும் முழுசாகத் தூக்கிப்போட வேண்டியிருந்ததைப் பார்த்து, 1956-இல் இதைக் கண்டுபிடித்தார். கண்ணாடித் துண்டை உடைத்து உடைத்துப் புதுக் கூர் எடுத்த செருப்புத் தொழிலாளர்களும், கோடு போட்ட சாக்லேட் பாளமும் அவருக்கு வழி காட்டினவாம். அவரது நிறுவனத்தின் பெயரான ஓல்ஃபாவும் ஜப்பானிய மொழியில் ஒடித்தல், அலகு என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்தது. தமிழில் இதை ஒடியலகுக் கத்தி எனலாம். 9 மி.மீ., 18 மி.மீ. அகலங்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன.

கைக்கு இதமான கத்தி என்பதற்குத் தனிச் சொல் தேவையில்லை, ‘பிடி’ என்பதே போதும். பிடி நன்றாக இருந்தால் மணிக்கட்டு வளையாது, உள்ளங்கையில் விளிம்பு உறுத்தாது, இடக்கைக்காரர் விரலுக்கும் பொத்தான் எட்டும். மலிவான பிளாஸ்டிக் கட்டரில் அலகு ஆடுவதற்குக் காரணம், அதைத் தாங்க உள்ளே உலோகத் தடம் இல்லாததுதான். வாங்கும்போது அலகை நீட்டி, பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள்.

ஒடித்த துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பைப் பையில் போட்டால், அதைத் தூக்குகிற தூய்மைப் பணியாளரின் கையைக் கிழித்துவிடும்.