வீணையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன்: மெழுகைக் கேளுங்கள், பிறகு கட்டணத்தைக் கேளுங்கள்

தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்திச் சுரம் எழுப்பும் உலோகக் கம்பிகளும், மரத்தில் அறைந்தவை அல்ல. தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்தின்) இரு ஓரத்திலும் வரப்புபோல் ஏற்றிய மெழுகின் மேல்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகு, கரிப்பொடி, குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சும் கலவை அது. பட்டறைக்குப் பட்டறை பக்குவம் மாறும். சுத்தமான தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். இளகுவது அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்குவது சாதாரணம். மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலே சுரம் கெட்டுவிடும். பிறகு மெழுகைச் சுரண்டி மறுபடி மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்துப் புது மெழுகில் பதிக்க வேண்டும். தஞ்சாவூரில் அதற்கு ஆள் கிடைப்பார். மெல்போர்னிலோ டல்லஸிலோ தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீணை அனுப்புவதில் பலரும் பயப்படுவது உடைவதைப் பற்றி. உடைப்பு பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும், காப்பீட்டிலும் கேட்கலாம். மெழுகு இளகிய நஷ்டம் வாசித்துப் பார்த்தால்தான் தெரியும், பணமும் கிடைக்காது. அதனால் எந்த வழியில், யார் மூலம் அனுப்புவது என்பதை இரண்டு கேள்விகளை வைத்து முடிவு செய்யலாம். வழியில் எங்கே சூடு ஏறும்? பெட்டி எத்தனை கை மாறும்?

கடல்வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். கட்டணம் குறைவுதான். ஆனால் வெயிலில் நிற்கும் கண்டெய்னர் அடுப்பாகிவிடும். இரவில் குளிர்ந்ததும் உட்கூரையில் நீர் கோத்துச் சொட்டும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மெழுகோடு ஒட்டுகளும் போகும். மெழுகே இல்லாமல் மெட்டுகளைத் திருகாணியில் பூட்டும் புதுவகை வீணையானால் யோசிக்கலாம். மற்றதெல்லாம் விமானத்தில்தான்.

விமானத்திலும் தடம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வளைகுடா விமான நிலையம் ஒன்றில் சரக்கு மாறும் தடத்தைத் தவிர்ப்பது நல்லது. விமானத்தின் வயிற்றுக்குள் வெப்பம் பிரச்சினை இல்லை; விமானத்துக்கும் கிடங்குக்கும் நடுவே வெட்டவெளியில் தள்ளுவண்டியில் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. நேரடி விமானம் கிடைக்காவிட்டால் கார்த்திகை, மார்கழி வரை பொறுத்து அனுப்பலாம். குளிரிலும் ஒரு சங்கடம் உண்டு. மெழுகு இறுகி நொறுங்கும் பதத்துக்கு வரும்; அப்போது பெட்டி கீழே விழுந்தால் மெட்டுகள் வரிசையாகத் தெறிக்கும். ஆனால் இதை நல்ல பஞ்சுமெத்தை தடுத்துவிடும். சூட்டை மெத்தை தடுக்காது.

உள்ளூர்ப் பயணத்தைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். தஞ்சாவூரிலிருந்து சென்னை விமான நிலையம் வரை ஆம்னி பஸ்ஸின் அடியறையில் போட்டு அனுப்பினால், எஞ்சின் சூடும் மேலே ஏற்றிய மூட்டைகளும் சேர்ந்து பாதிச் சேதத்தை அங்கேயே முடித்துவிடும். வாடகைக் கார் எடுத்து, பின்சீட்டில் கிடத்தி, இரவில் கொண்டுபோவது வீண் செலவல்ல.

அடுத்து, யாரிடம் கொடுப்பது? பெட்டியின் கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். 132 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரமுள்ள வீணைக்கு எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை, 1 செ.மீ. பிளைவுட், அடியில் 8 செ.மீ. கட்டை வைத்தால் பெட்டி 144 × 52 × 58 செ.மீ. ஆகும். நிஜ எடை 30 கிலோவுக்குள் அடங்கும். ஆனால் கட்டணம் கன அளவு எடைக்குத்தான். விமானச் சரக்கில் கன செ.மீ.யை 6000 ஆல் வகுப்பார்கள். 72 கிலோ வரும். கூரியரில் பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள், 87 கிலோ. "30 கிலோதானே" என்று போனில் விலை சொல்கிறவர், பெட்டி கைக்கு வந்த பிறகு டேப் வைத்து அளந்து இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார். முதலிலேயே மூன்று அளவையும் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் விலை வாங்குங்கள். அந்த விலையில் சேருமிடத்துச் சுங்க வேலையும் வீடுவரை கொண்டுவரும் செலவும் அடக்கமா என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

தெருமுனை கூரியர் கடை பெரும்பாலும் முகவர்தான். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் சரக்கு முகமைக்குக் கொடுப்பார், அது விமானத்துக்குப் போகும். ஒவ்வொரு கையிலும் பெட்டி ஒருமுறை இறங்கி ஏறும். "விமானச் சரக்குச் சீட்டு உங்கள் பெயரில் வருமா, வேறு நிறுவனத்தின் பெயரிலா? அந்த ஊரில் பெட்டியை எடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் கொடுக்கலாம். "எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்பது பதில் அல்ல. சுங்கத் தரகரைத் தானே வைத்திருக்கும் சரக்கு முகமை கூரியரைவிட இந்த வேலைக்குப் பொருத்தம். தபால் பார்சலை எண்ணவே வேண்டாம். நீளமும் சுற்றளவும் சேர்ந்து 3 மீட்டரைத் தாண்டிவிடும்.

பயணியோடு லக்கேஜாக அனுப்பலாமா என்றும் கேட்பார்கள். வழக்கமான லக்கேஜுக்கு மூன்று அளவும் கூட்டி 158 செ.மீ.தான் வரம்பு, வீணை 200-ஐத் தாண்டும். அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு விதி இருக்கிறது: இசைக்கருவி பெட்டியோடு சேர்த்து மொத்தம் 150 அங்குலத்துக்குள், 165 பவுண்டுக்குள் இருந்தால், அந்த விமானத்தில் பாதுகாப்பு விதிப்படி வைக்க முடிகிறவரை லக்கேஜாக ஏற்க வேண்டும். மற்ற நிறுவனங்களிடம் பயணத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கவுன்டரில் 'உடையக்கூடியது' சீட்டில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். பல சமயம் அது நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் சீட்டு.

இனிக் கட்டுவது. முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். தந்திகளைத் தாங்கும் வீணைக் குதிரை ஒட்டியதல்ல, தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்தியைத் தளர்த்தி, குதிரையை அப்படியே விட்டால் அது உள்ளே உருண்டு மேற்பலகையைக் கீறும். அதன் நான்கு மூலைகளையும் பென்சிலால் குறித்துவிட்டு எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள். பக்கத் தந்திகளின் பித்தளை வளைவையும் அப்படியே. சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனிப் பொட்டலமாக்குங்கள். குதிரை இருந்த இடத்தில், தளர்ந்த தந்திக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய துணி மடிப்பு ஒன்று.

வீணையின் பலவீனமான இடங்கள் மூன்று: குடமும் (உருண்ட அடிப்பாகமும்) தண்டியும் சேரும் இடம், யாளி முகத்தின் ஒட்டு, பக்கவாட்டில் நீட்டி நிற்கும் பிருடைகள் (தந்தி முறுக்கும் முளைகள்). ஏகாந்த வீணையில் முதல் கவலை குறையும், ஏனென்றால் குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்தவை. ஒட்டு வீணையில் அந்தச் சேர்க்கைக்கு இரு பக்கமும் தாங்கல் கொடுக்காவிட்டால், பெட்டி விழும்போது கனமான குடம் ஒரு பக்கமும் நீண்ட தண்டி மறுபக்கமும் இழுத்து ஒட்டு விட்டுப்போகும். குடத்தை வளைய வடிவில் வெட்டிய ஃபோமில் உட்கார வையுங்கள். நடுவில் முட்டுக்கொடுத்தால் பாரமெல்லாம் ஒரே புள்ளியில் இறங்கும். பிருடைகளைச் சுற்றி வெற்றிடம் இருக்கட்டும், எதுவும் தொடக்கூடாது. பாலிஷ் மேல் நேராகக் குமிழ்த்தாள் சுற்றாதீர்கள், சூட்டில் பொட்டுப்பொட்டாக அச்சு விழும். முதலில் பழைய பருத்தி வேட்டி, அதன் மேல் குமிழ்த்தாள்.

வெளிப்பெட்டியை ஆணியடித்து மூடாதீர்கள். சுத்தியல் அடியே மெட்டுகளை அசைக்கும். சுங்கத்தில் திறந்தால் மறுபடி ஒழுங்காக மூடவும் மாட்டார்கள். மூடிக்குத் திருகாணிதான். அடியில் இரண்டு கட்டை கொடுத்தால் ஃபோர்க்லிஃப்ட் நுழையும், பெட்டியும் படுத்தபடியே போகும். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் தாவரத் தடுப்பு விதியிலிருந்து பிளைவுட்டுக்கு விலக்கு உண்டு. அடியிலுள்ள முழுமரக் கட்டைக்கு இல்லை. 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, கோதுமைக் கதிர் படமுள்ள முத்திரை குத்திய கட்டையாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத இரண்டு ரீப்பர் துண்டுகளுக்காக முழுப் பெட்டியும் அந்த ஊரில் நிற்கும்.

பெட்டிக்குள் வைக்கோல், காய்ந்த மாலை, மஞ்சள் கிழங்கு வேண்டாம். சரஸ்வதிக்கு வைத்த பூவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். ஆஸ்திரேலியத் தாவரச் சோதனையில் அது பக்தி அல்ல, விதிமீறல். நிஜச் சுரைக்காயானால் பட்டியலில் எழுதிக் காட்டுங்கள். லித்தியம் பேட்டரியுள்ள சுருதிப்பெட்டியைச் சேர்த்து வைக்கவே கூடாது.

காகிதத்தில் 'இசைக்கருவி' என்று மட்டும் எழுதினால் போதாது. சுங்கத் தலைப்பு 9202, புதியதா பயன்படுத்தியதா, மரம் பலா, அறிவியல் பெயர் ஆர்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் மரத்தின் பெயரைக் கேட்பார்கள். பிருடையில் ஈட்டி மரம் இருந்தால் பயப்பட வேண்டாம். 2019 நவம்பர் முதல் முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு அந்த மர வகையில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) விலக்கு இருக்கிறது. பழைய வீணையின் வெள்ளை வேலைப்பாடுதான் சிக்கல். தந்தமோ மான் கொம்போ என்றால் அனுப்ப முடியாது. சந்தேகமிருந்தால் பெட்டி கட்டுவதற்கு முன்பே தெரிந்தவரிடம் காட்டுங்கள். நூறு ஆண்டு கடந்த வீணை 1972 சட்டப்படி தொன்பொருள், நாட்டைவிட்டுப் போகாது. நூறுக்குக் குறைவு, ஆனால் பார்க்கப் பழையது என்றால் தொல்லியல் துறையிடம் தொன்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

காப்பீட்டைச் சரக்குக் கட்டணத்தோடு குழப்பாதீர்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்குக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான், 2024 டிசம்பர் 28 முதல். அதுவும் நிஜ எடைக்கு. 30 கிலோவுக்கு, நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து, 90 ஆயிரம் ரூபாயை ஒட்டியோ சற்றுக் கூடவோ வரும். வீணையும் அனுப்பும் செலவும் அதைத் தாண்டினால் தனியாகக் காப்பீடு எடுங்கள், 'ஏ' வகை ஷரத்தில் (விலக்கியவை தவிர எல்லாச் சேதமும் அடங்குவது), உங்கள் பெயரில். அந்த ஷரத்திலும் போதாத கட்டு, பொருளின் இயல்புக் குறை இரண்டும் விலக்கு. மெழுகு இளகியதை இயல்புக் குறை என்பார்கள். கட்டு போதவில்லை என்று சொல்லவும் பார்ப்பார்கள். கட்டும்போது ஒவ்வொரு படியையும் தேதியோடு படமெடுத்து வைத்தால் இரண்டாவது வாதத்துக்காவது பதில் இருக்கும்.

பெட்டி வந்ததும் வெளியில் அடிபட்டிருந்தால், கையெழுத்துப் போடும் தாளிலேயே அதை எழுதிவிடுங்கள். சரக்குச் சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். லக்கேஜானால் 7 நாள்தான். அதற்காக அவசரப்பட்டு உடனே திறந்துவிடாதீர்கள். குளிர்காலமானால் பெட்டி ஒரு நாள் வீட்டுக்குள் கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தில் நீர் கோக்கும். பிறகு குதிரையைப் பென்சில் குறியில் வைத்து, முதல் நாள் பாதி சுருதி, இரண்டு நாள் கழித்து முழுச் சுருதி. ஒவ்வொரு மெட்டையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். தளர்ந்தது ஒன்றிரண்டுதான் என்றால் தொடாமல் விட்டு, மேளம் கட்டத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஹேர் டிரையர் வைத்து இளக்கி அழுத்தினால் பக்கத்திலிருக்கும் நான்கும் சேர்ந்து நகரும்.