இரைச்சலுக்குள் ஓவியர் நுழையும் இடம்

புத்தக அட்டைகளுக்குப் படம் வரையும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பென்சில் ஸ்கெட்ச்சை ஏஐ மென்பொருளில் கொடுக்கிறேன். ஸ்லைடரைக் குறைவாக வைத்தால் என் ஸ்கெட்ச்சே திரும்பி வருகிறது. கூட்டினால் வண்ணம் வருகிறது, ஆனால் ஆள் நிற்கும் இடமே மாறிவிடுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது? இதில் என் வேலை எவ்வளவு, அதன் வேலை எவ்வளவு?"

ஏஐ வந்தால் ஓவியர் கதி என்ன என்று பொதுவாகப் புலம்புவதைவிட இந்தக் கேள்வி எவ்வளவோ மேல். ஏனென்றால் அந்தக் கதிக்கான விடையில் பாதி அந்த ஸ்லைடரில்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் மேல் தாறுமாறான நிறப்புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே போனால், கடைசியில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். 'இதில் எது படம், எது தூவிய இரைச்சல்?' என்று கண்டுபிடிக்க ஒரு நரம்பியல் வலையமைப்பை (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) கோடிக்கணக்கான படங்களில் பழக்குகிறார்கள். பிறகு அதன் கையில் வெறும் இரைச்சலைக் கொடுத்து, 'இதில் உள்ள இரைச்சலை நீக்கு' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சில பத்துச் சுற்றுகளில் ஒரு படம் வந்து நிற்கிறது. என்ன படம் வேண்டும் என்று நாம் எழுதும் ப்ராம்ப்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நீக்கத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது, அவ்வளவுதான். 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் ஏஐ இதையெல்லாம் சுருக்கப்பட்ட வடிவத்தில் செய்கிறது: 512க்கு 512 அளவுள்ள படத்தின் 7,86,432 எண்களை 16,384 எண்களாக மடக்கிவிடுகிறது. அதனால்தான் வீட்டுக் கணினியிலும் ஓடுகிறது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். இரைச்சலைத் தூவும்போது படத்தில் எது முதலில் அழியும்?

எந்தப் படத்திலும் இரண்டு வகை மாற்றங்கள் உண்டு. மேலே வெளிச்சமான வானம், கீழே இருண்ட தரை, நடுவில் ஒரு ஆளின் திரட்சி: இவை பெரிய, மெதுவான மாற்றங்கள். தலைமுடி, துணியின் நெசவு, தூரிகைத் தடம்: இவை சின்ன, வேகமான மாற்றங்கள். இயற்கையான படங்களில் பெரிய மாற்றங்களின் வலு மிக அதிகம். நுணுக்கம் கூடக்கூட வலு மளமளவென்று குறையும். இரைச்சலுக்கோ இந்தப் பாகுபாடு கிடையாது, எல்லா அளவிலும் ஒரே வலு. ஆகவே லேசாகத் தூவினாலே முடி மூழ்கிவிடும். இன்னும் தூவினால் மூக்கும் கண்ணும் போகும். வானமும் தரையும் பிரியும் அந்தப் பெரிய ஒளி-இருள் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

இதைத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். முதல் சில சுற்றுகளில் இயந்திரத்தால் பெரிய திரட்சிகளை மட்டுமே தீர்மானிக்க முடியும். அப்புறம் உருவம், அதற்கப்புறம் முகம், கடைசியில் முடியும் நெசவும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒளி-இருளை முதலில் பிடிக்கும் ஓவியரின் வரிசையும் இதேதான். யாரும் இயந்திரத்துக்கு அதைச் சொல்லித்தரவில்லை; படங்களின் கணக்கிலிருந்தே தானாக விழுந்தது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

வாசகியின் ஸ்லைடர், அவருடைய ஸ்கெட்ச்சின் மேல் எவ்வளவு இரைச்சல் கொட்டவேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. இயந்திரம் அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். குறைவாகக் கொட்டினால் 'வெள்ளைத்தாள்' என்ற பெரிய தகவல் அப்படியே நிற்கும். அதனால் வெள்ளைத்தாளில் அதே ஸ்கெட்ச்தான் திரும்பி வரும். அதிகமாகக் கொட்டினால் மெல்லிய பென்சில் கோடுகள்தான் முதலில் மூழ்கும், ஏனென்றால் அவை நுணுக்க வகை. ஆள் இடம் மாறுவது அதனால்தான். கோடுகளுக்குள் சாம்பல் நிறத்தைத் திட்டுத்திட்டாக நிரப்பிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். இடம் பெரும்பாலும் மாறாது. கோடுகள் தான் முக்கியம் என்பவர்களுக்கு 2023இல் வந்த கண்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவி உதவும். அது கோடுகளைத் தனி வழியாக ஒவ்வொரு சுற்றிலும் ஊட்டுகிறது.

இடையே ஒன்று. 'மாஸ்டர்பீஸ்', 'எயிட் கே' என்று நாற்பது சொற்களை யாரிடமிருந்தோ நகலெடுத்து, ஒரு எழுத்து மாறினாலும் பலிக்காது என்பதுபோல் ப்ராம்ப்ட்டில் ஒட்டுகிறார்கள். பழக்கிய படங்களின் விளக்கங்களில் இருந்த சொல்லுக்குக் கொஞ்சம் விளைவு உண்டு, மறுக்கவில்லை. மிச்சமெல்லாம் தாயத்து. இன்னொன்று: இந்த முறையின் விதை, 2015இல் யாஷா சோல்-டிக்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் வெப்ப இயக்கவியலிலிருந்து எடுத்துப்போட்டது. அது பளிச்சென்று படம் தர 2020 வரை ஆனது. 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டே நிதி கொடுக்கும் குழுக்கள் இதைக் கவனிக்கலாம்.

யார் வேலை எவ்வளவு என்ற கேள்விக்கு அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகமும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் வந்து நிற்கிறது. 600க்கும் மேற்பட்ட முறை ப்ராம்ப்ட்டை மாற்றி மாற்றிப் படம் எடுத்ததாகச் சொன்ன ஜேசன் ஆலனுக்கு 2023இல் பதிவு மறுக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் 2025 ஜனவரி அறிக்கை, இன்றைய கருவிகளில் ப்ராம்ப்ட் மட்டும் போதாது, ஆனால் மனிதர் வரைந்தது முடிவில் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பகுதி அவருடையது என்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வெறும் ப்ராம்ப்ட்டில் யார் எங்கே நிற்பார் என்பதைப் பெருமளவு முடிவுசெய்வது தொடக்க இரைச்சல். ப்ராம்ப்ட்டை எழுதியவர் அந்த இரைச்சலைப் பார்த்ததுகூட இல்லை.

நியாயமாகப் படாதது வேறு. லேயான்-5பி என்ற தொகுப்பில் 585 கோடிப் படம்-விளக்க இணைகளின் இணைய இணைப்புகள் இருந்தன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் அதன் பகுதிகளில்தான் பழகியது. அந்தப் படங்களை வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசிச் சுற்றுகளின் வேலை, அதாவது வண்ணம் நிரப்புவதும் பின்னணி மெருகும், இளம் ஓவியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்ற இடம். முதலில் காலியாவது அதுவாக இருக்கும் என்பது என் பயம்.

வாசகிக்கு ஒரு நடைமுறை யோசனை: திட்டு நிரப்பிய ஸ்கெட்ச்சின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பதிவுக்குப் போனால், எந்தப் பகுதி ஏஐ செய்தது என்று அங்கே சொல்லியாகவேண்டும். எது உங்களுடையது என்று காட்ட அந்தக் கோப்பு வேண்டும்.