ஆசிரியரை அனுப்பிவிட்டு மாணவரைத் தேடாதீர்கள்

ஜனவரி இறுதியில், சேலத்தைச் சுற்றியுள்ள தனியார் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் தரப் பணிகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். முதலாம் ஆண்டில் படிப்பை நிறுத்திய மாணவர்களின் பட்டியலைக் கேட்டேன். பதினான்கு பெயர்கள் இருந்தன. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் பதினான்கு இடங்களிலும் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. இதே சொல்லை இதே கட்டத்தில் எத்தனையோ கல்லூரிகளில் பார்த்துவிட்டேன். இந்த முறை என்னால் அப்படியே மூடி வைத்துவிட்டு வர முடியவில்லை.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி ஏற்காட்டுக்கும் அப்பால், சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். மலையாளிப் பழங்குடிக் குடும்பம்; அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில்கூட அரியர் வைக்கவில்லை. அவளுடைய தந்தையிடம் தொலைபேசியில் பேசிய பிறகுதான் நடந்தது என்ன என்று எனக்கு விளங்கியது. நவம்பரில் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது காபிப் பழம் பறிக்கும் பருவம். வீட்டில் எல்லாரும் எஸ்டேட்டுக்குப் போனபோது இவளும் போயிருக்கிறாள். டிசம்பரில் கல்லூரி திறந்தபோது பறிப்பு முடியவில்லை, விடுதிக் கட்டணத்துக்குப் பணமும் சேரவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வர வேண்டிய 1,000 ரூபாய், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்புச் சிக்கலால் அவளுக்கு வரவே இல்லை. அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி அலைந்துகொண்டிருந்த டியூட்டர், அதாவது அவளுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர், அக்டோபரில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய பொறுப்பில் இருந்த மாணவர்களை இன்னொருவரிடம் சேர்த்தார்கள். அவரும் டிசம்பரில் விலகினார். பொங்கலுக்குப் பிறகு அந்தப் பெண் தந்தையுடன் கீழே இறங்கி வந்திருக்கிறாள். 'அட்டெண்டன்ஸ் போதாது, கட்டணப் பாக்கி இருக்கிறது, துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்' என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். துறைத் தலைவர் அன்று மேல்நிலைப் பள்ளிகளுக்குச் சேர்க்கைப் பிரச்சாரத்துக்குப் போயிருந்தார். மாலை வரை காத்திருந்துவிட்டு இருவரும் மலைக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள்.

படிக்க விரும்பி, தகப்பனையும் அழைத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கே வந்த பிள்ளையைத்தான் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதி முடித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு வரவழைப்பதில் நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை, 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடுதான். ஆனால் இது சேர்க்கையைப் பற்றிய எண். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறினார்கள் என்பதை அந்தந்தக் கல்லூரிதான் தன் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். நான் போகும் பெரும்பாலான இடங்களில், சேர்க்கை எண்ணைத் தாளாளர் மனப்பாடமாகச் சொல்கிறார். படிப்பை இடையில் நிறுத்தியவர்களின் எண்ணுக்கு எழுத்தரை அழைக்கிறார்.

மாணவர் படிப்பிலிருந்து நிற்பது ஒரே நாளில் நடப்பதில்லை என்பது பாடம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் சொல்ல வருவது, அதை முன்கூட்டியே கண்டுகொள்ளக்கூடிய ஆள் யார் என்பதைத்தான். சேலம் வட்டாரத்தில் மூன்றாண்டுகள் தொடர்ந்து வகுப்பெடுத்த ஆசிரியருக்கு வருகைப் பதிவேட்டை வாசிக்கத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்து மாணவர்கள் தறி வேலைக்காக விடுப்பு எடுப்பார்கள் என்பதும், சிவதாபுரம், பனங்காட்டிலிருந்து வரும் பையன் காலை முதல் வகுப்பில் தூங்கினால் முந்தின இரவு கொலுசுப் பட்டறையில் கண் விழித்திருப்பான் என்பதும், வாரக் கூலி கையில் புழங்கத் தொடங்கியவனிடம் இரண்டாவது செமஸ்டருக்குள் பேசிவிட வேண்டும் என்பதும், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலைப் பிள்ளைகளின் மீது ஒரு கண் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஒரே இடத்தில் தங்கிப் பழகியதால் வந்தது. அவரை இழந்தால் கல்லூரி அந்த அறிவையும் சேர்த்து இழக்கிறது. அடுத்து வருபவர் மாணவர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு செமஸ்டர் முடிந்துவிடும்.

ஆகவே மாணவர்களைத் தக்கவைப்பதைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகிய ஆசிரியர்களின் பட்டியலைத்தான். அதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. 'நாங்கள் ஆசிரியர்களுக்கு எல்லாப் பயிற்சியும் கொடுக்கிறோம் சார்' என்று சொல்லி, ஒரு புகைப்படத் தொகுப்பை எடுத்து நீட்டுகிறார்கள். ஜூனில் கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு நாள். கருத்தரங்கக் கூடத்தில் புகழ்பெற்ற ஊக்கப் பேச்சாளர். நிறைவில் எல்லார் கையிலும் சான்றிதழ். இதற்குப் பெயர் ஆசிரியர் மேம்பாடு என்று கோப்பில் ஏறிவிடுகிறது.

இந்தத் தவறான எண்ணத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேறெதையும்விட இதுவே அதிகக் கேடு செய்கிறது. பேச்சைக் கேட்கும்போது மனம் நெகிழ்வது உண்மைதான், நானும் நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் பேச்சு, பயிற்சியின் ஒரு படியாகக்கூட முழுதாக ஆவதில்லை. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980 இலேயே ஆசிரியர் பயிற்சியின் கூறுகளை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள்: கருத்தை விளக்குதல், செய்து காட்டுதல், ஆசிரியரையே செய்து பார்க்கவைத்தல், செய்ததைப் பற்றிக் கருத்துச் சொல்லுதல், பிறகு அவருடைய சொந்த வகுப்பறையில் உடனிருந்து துணைபுரிதல். கடைசிப் படி இல்லாவிட்டால் கற்றது வகுப்பறைக்குள் நிலைப்பது அரிது என்பதே அவர்கள் வலியுறுத்தியது. நம் ஒரு நாள் நிகழ்ச்சி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. பல நேரங்களில் அந்தப் படியிலும் பாடம் கற்பிப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை.

உடனிருந்து துணைபுரிவது என்றால் என்ன என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். வேதியியல் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவர், தன் வகுப்பில் பாதிப் பேர் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி வருந்தினார். மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு வகுப்பாக மூன்று வாரம் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தார். அந்தப் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள் என்பதும், அன்றைய பாடத்தின் ஆங்கிலச் சொற்கள் முதல் பத்து நிமிடங்களிலேயே அவர்களைக் கைவிட்டுவிடுகின்றன என்பதும் அவருக்குப் புலப்பட்டன. அன்று வரப்போகும் ஆறேழு சொற்களைத் தமிழ் விளக்கத்துடன் பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு வகுப்பைத் தொடங்கலாமே என்று சொன்னார். அவ்வளவுதான் மாற்றம். ஒரு மாதத்தில் பின்வரிசையிலிருந்து சந்தேகங்கள் வரத் தொடங்கின. அந்த ஆசிரியை அந்த ஆண்டு வேறு வேலை தேடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தன் கற்பித்தல் பலிப்பதைக் கண்ணால் காண்பதைப் போல் ஓர் ஆசிரியரை ஊக்கப்படுத்துவது வேறில்லை என்பது என் பட்டறிவு. (துறைசார்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இப்படிக் கவனித்து எழுதும் குறிப்பேடு எக்காரணம் கொண்டும் முதல்வரின் மேசைக்கோ ஊதிய உயர்வுக் கோப்புக்கோ போகக்கூடாது. ஒருமுறை போனாலும் யாரும் உண்மையான வகுப்பைக் காட்டமாட்டார்கள்.)

2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொடர் பயிற்சியைச் சொல்கிறது. அது ஆசிரியரின் சொந்த ஆர்வத்தின் வழியே அமைய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. மணிக்கணக்கை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஆர்வத்தை யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் அறைக்குப் போய் 'உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?' என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் எல்லாம், மனம் உடைந்து வரும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தாருங்கள் என்பதே அடிக்கடி வந்த பதில்.

'பணம் கொடுத்தால் ஊக்கம் வந்துவிடாது' என்று நிர்வாகங்கள் என்னிடம் சொல்வதுண்டு. அதற்குச் சான்றாக ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கின் பெயரையும் எடுப்பார்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் அவர் குழு நடத்திய ஆய்வு 1959 இல் வெளிவந்தது. ஊதியமும் பணிச் சூழலும் சரியாக இருந்தால் மனக்குறை நீங்கும், ஊக்கமோ வேலையில் காணும் வெற்றியிலிருந்தும் அங்கீகாரத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் வரும் என்பது அதன் சாரம். இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தை இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போடுவது பெரும் அநியாயம். மனக்குறையை முதலில் நீக்காத இடத்தில் பாராட்டு விழாவும் நினைவுப் பரிசும் ஆசிரியருக்கு வலியைத்தான் தரும். சம்பளத்தைக் குறித்த தேதியில் கொடுங்கள். அதற்குப் பிறகு ஊக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

ஆசிரியர்களைச் சேர்க்கைப் பிரச்சாரத்துக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். கோடை விடுமுறை முழுக்க ஊர் ஊராக அலைந்து, இத்தனை பேரைச் சேர்த்தால்தான் மே மாதச் சம்பளம் என்ற நிபந்தனைக்கு உள்ளாகும் ஒருவர், ஜூனில் எந்த மனநிலையோடு வகுப்புக்குள் நுழைவார்? சேர்க்கைக்காக அவர் பெற்றோரிடம் தந்த வாக்குறுதிகளைக் கல்லூரி காப்பாற்றாதபோது, அந்த வீட்டின் முகத்தில் அவரால் மறுபடி எப்படி விழிக்க முடியும்? விலகிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தன் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மாணவர்களின் சான்றிதழ்களைப் பற்றி 2018 இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் தெளிவாக அறிவித்திருக்கிறது. சான்றிதழுக்காகத் தங்கியிருப்பவரிடம் பிள்ளைகளைக் கவனிக்கும் மனம் எஞ்சியிருக்காது.

அலுவலகப் பணியாளர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். கட்டணக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு எந்தப் பயிற்சியும் தருவதில்லை. ஆனால் தொடர்வதா நிற்பதா என்று தடுமாறும் குடும்பம் முதலில் வந்து நிற்பது அவர் முன்னால்தான். அன்று அந்தக் கவுன்ட்டரில் இருந்தவர், 'உட்காருங்கள், முதல்வரைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தகப்பனும் மகளும் அப்படித் திரும்பியிருக்க மாட்டார்கள். எந்த மாணவரும் பெற்றோரும் ஆசிரியர் ஒருவரிடம் பேசாமல் கட்டணப் பாக்கிக்காகத் திருப்பி அனுப்பப்படக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். டியூட்டர் ஒருவர் விலகினால், அவர் விடுவிக்கப்படும் நாளுக்கு முன் தன் மாணவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்தவரிடம் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். ஆய்வகப் பொருள்களுக்கு ஒப்படைப்புப் பட்டியல் கேட்கிறீர்கள், பிள்ளைகளுக்கு ஏன் கேட்பதில்லை?

என் சக ஆசிரியர்களிடம் எனக்குக் கண்டிப்பு இல்லை, ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. உங்கள் சுமை எனக்குத் தெரியும். நானும் 26 ஆண்டுகள் அதைச் சுமந்தவன். தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவரின் வீட்டுக்கு, நான்காம் நாள் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். 'ஏன் வரவில்லை?' என்று தொடங்காதீர்கள். 'நன்றாக இருக்கிறாயா அம்மா, எப்போது வருகிறாய்?' என்று கேளுங்கள். வேலைக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னால் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், எந்தத் தேதியில் வேலை முடியும் என்று விசாரித்து, அதற்குள் எத்தனை நாள் வருகை குறையும், 75 விழுக்காட்டை எட்ட இன்னும் எத்தனை நாள் வர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். மலைப் பகுதியில் சில வீடுகளில் மாலையில்தான் சிக்னல் கிடைக்கும். கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் அதே ஊரிலிருந்து வரும் இன்னொரு மாணவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணின் எண்ணை முதல்வரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவரே அழைத்துப் பேசினார். வங்கிக் கணக்கின் சிக்கலைத் தீர்க்க அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறார். விட்டுப்போன செமஸ்டரை மறுசேர்க்கை மூலம் தொடர்வதற்கான விண்ணப்பத்தை மலைக்கே அனுப்பியிருக்கிறார்கள். மற்ற பதின்மூன்று பேரையும் இந்த வாரத்திற்குள் அழைப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் கேட்பேன்.