‘இன்னொரு வருஷம் படிக்கட்டும்’ என்று சொல்லும் முன்

ஜூனில் நீட் முடிவு வரும். அதையொட்டியே நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டமும் வந்துவிடும். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். “விடுங்க, இன்னொரு வருஷம் படிக்கட்டும்” என்று மாமா ஆரம்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு பிள்ளையின் முழு வருடம் அங்கேயே முடிவாகிவிடும். அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூன்றாவது முறை நீட் எழுதிய ஒரு பையனை அண்மையில் அழைத்துவந்தார்கள். “நீ என்னப்பா நினைக்க?” என்றேன். “அப்பா எழுதச் சொல்லுதாவ, எழுதுதேன்” என்றான். மூன்று வருட வினாத்தாள்களையும் விடைக்குறிப்போடு எடுத்துவரச் சொல்லி, பாடவாரியாகக் கூட்டிப் பார்த்தோம். உயிரியலில் 360-க்கு வருடாவருடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இயற்பியலில் 180-க்கு ஒரு தடவைகூட 50-ஐத் தாண்டவில்லை. பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறான், பயந்த பாடத்தின் பக்கமே போகவில்லை. “ராத்திரி ரெண்டு மணி வரை படிக்கான் சார்” என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வருடம் கூடினால் மதிப்பெண் தானாகக் கூடும் என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். மதிப்பெண் எங்கே போனது என்று முதலில் பாருங்கள். 180 கேள்விக்கு 180 நிமிடம். தெரிந்தும் நேரம் போதவில்லையா? அதற்குத் தேவை மாதிரித் தேர்வுப் பழக்கம். குருட்டாம்போக்கில் குறித்து, தவறுக்கு ஒன்று ஒன்றாகக் கழிந்ததா? அது திருத்தக்கூடிய பழக்கம். பாடமே புரியவில்லையா? அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், பூட்டிய அறையும் அதே புத்தகமும் போதாது. போன வருடம் படித்த மாதிரியே இந்த வருடமும் படித்தால் போன வருட மதிப்பெண்தான் வரும். இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன்!

வருடம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் நோய், வீட்டில் ஒரு சாவு, பயிற்சியே இல்லாமல் முதல் முறை எழுதிய கிராமத்துப் பிள்ளை என்றால் ‘எடு’ என்று நானே சொல்வேன். மனம் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கும் இடைவெளி தேவைதான். ஆனால் அது சிகிச்சைக்கும் ஓய்வுக்கும், அடுத்த தேர்வுக்கு அல்ல.

ஐஐடியில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 2 முறைதான் எழுத முடியும். நீட்டுக்கு அப்படி எண்ணிக்கையும் இல்லை, உச்ச வயதும் இல்லை. போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் எல்லையை வீட்டில்தான் போட வேண்டும், அதுவும் தொடங்கும் முன்பே. ஒரு வருடம், ஒரே வருடம். பொங்கலுக்குள் மாதிரித் தேர்வு மதிப்பெண் ஏறவில்லையா? அடுத்த வழிக்கான வேலையை அப்போதே ஆரம்பியுங்கள்.

வழியா இல்லை? பக்கத்திலேயே இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி. இவற்றில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பொறியியல் கலந்தாய்வுக்கு முந்தைய ஆண்டு தேறியவர்களும் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால்கூட அதே ஆண்டு துணைத்தேர்வு உண்டு, அதற்காக வருடத்தைக் கழிக்க வேண்டாம்.

எந்த முடிவானாலும் தேர்வு முடிவு வந்த வாரத்தில் எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் போகட்டும். ஆனால் விண்ணப்பக் கடைசி நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்புறம், பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

சாப்பாடு குறைகிறது, தூக்கம் இல்லை, கூட்டாளிகளின் போனை எடுப்பதில்லை என்றால் ‘படிப்பு டென்ஷன்’ என்று விட்டுவிடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிள்ளை தயங்கினால் முதல் அழைப்பை நீங்களே போடுங்கள்.