உடான் டிக்கெட்டில் சீப்ளேன்: வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள

அப்துல்லாபுரம் விமான நிலையம் எப்போது திறக்கும் என்று கேட்காத ஆள் வேலூரில் இல்லை. அது, சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வருவது. தண்ணீரில் இறங்கி ஏறும் சீப்ளேனுக்கும் அதே திட்டத்தில் இடம் உண்டு.

2016-ல் வந்த உடானில், ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, விமான நிறுவனத்தின் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது, டிக்கெட் விலையிலேயே கழிந்துவிடும். வருமானச் சான்று, தாலுகா ஆபீஸ் அலைச்சல் எதுவும் கிடையாது. முந்திப் பதிவு செய்பவருக்குச் சீட்டு, அவ்வளவுதான்.

குஜராத்தில் அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றிலிருந்து படேல் சிலை இருக்கும் கேவடியாவுக்குச் சீப்ளேன் சேவை 2020 அக்டோபர் 31-ல் தொடங்கியது. கட்டணம் அப்போது 1,500 ரூபாயிலிருந்து. 2021 ஏப்ரலிலேயே நின்றும் போனது. 2024 ஆகஸ்டில் சீப்ளேன் விதிகளை மத்திய அரசு எளிதாக்கியது. நவம்பரில் விஜயவாடா–ஸ்ரீசைலம், கொச்சி–மாட்டுப்பெட்டி (மூணாறு அருகே) சோதனை ஓட்டங்கள் நடந்தன. பாலாற்றில் சீப்ளேன் இறங்க முதலில் பாலாற்றில் தண்ணீர் வர வேண்டும். நம்மவர்கள் ஏறினால் ஸ்ரீசைலம் தரிசனத்துக்காகத்தான் இருக்கும்.

சரி, பாதுகாப்பு? தண்ணீர் அலையில்லாமல் கிடந்தால் விமானிக்கு உயரம் பிடிபடாது. தரையிலும் இறங்கும் வகை விமானத்தில் சக்கரத்தை மடக்க மறந்து நீரில் இறக்கினால் குப்புறக் கவிழும். மோதலில் தப்பியவர்கள்கூட உள்ளே சிக்கி மூழ்கிவிடுகிறார்கள். 2009-ல் கனடாவின் சட்டுர்னா தீவில் அப்படித்தான் எட்டுப் பேரில் ஆறு பேர் போனார்கள். சட்டென்று திறக்கும் கதவு வேண்டும், பயணிகள் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்று விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது அதற்குப் பிறகுதான்.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே இருக்கும்போது காற்று நிரப்பாதீர்கள். தண்ணீர் புகுந்ததும் அது உங்களை மேலே தூக்கி அழுத்திவிடும், கதவுக்குக் குனிய முடியாது. உட்கார்ந்ததுமே கதவின் பிடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். கவிழ்ந்தால் ஆட்டம் அடங்கட்டும். ஒரு கை கதவுச் சட்டத்தை விடாமல் பிடித்திருக்க, வழி திறந்த பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முதலில் கழற்றினால் தலைகீழாக மிதந்து திசை தெரியாமல் போகும். வெளியே வந்தபின் ஜாக்கெட் கயிற்றை இழுக்கலாம்.

பாதுகாப்பு விளக்கம் புரியாத மொழியில் இருந்தால் கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதற்கான சின்ன ஜாக்கெட்டை ஏறுமுன்பே கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுடையது அதன் உடம்பில் நிற்காது.