சிறு தீவு நாடுகளுக்கு வளர்ச்சி உதவி: யாருக்குக் கிடைக்கும், யாருக்கு நின்றுபோகும்?

ஐக்கிய நாடுகள் சபை 39 நாடுகளை 'சிறு தீவு வளரும் நாடுகள்' என்று தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. 1992 ரியோ புவி மாநாட்டில் அங்கீகாரம் பெற்ற பிரிவு இது. மாலத்தீவு, மொரீசியஸ், பிஜி, துவாலு, ஜமைக்கா எல்லாம் இதில் உண்டு. சிங்கப்பூரும் உண்டு. இந்தப் பெயரால் மட்டும் எந்த நாட்டுக்கும் ஒரு டாலர்கூட வராது என்பது அதிலிருந்தே புரியும். பணம் யாருக்கு என்பதை வேறு பட்டியல்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வைத்திருக்கும் பட்டியல். அதில் உள்ள நாட்டுக்குக் கொடுத்தால்தான் அது 'அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி' என்று கணக்கில் ஏறும். ஒரு நாட்டின் தலா வருமானம் உலக வங்கியின் உயர் வருமான வரம்பைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாண்டியிருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். பார்படோஸ் 2011இலும், செஷல்ஸ் 2018இலும், ஆன்டிகுவா பார்புடா 2022இலும் இப்படி வெளியேறின. பார்புடா தீவை 2017 செப்டம்பரில் இர்மா புயல் சிதைத்து, அங்கிருந்த எல்லோரையும் வெளியேற்ற வேண்டி வந்தது நினைவிருக்கலாம். வெளியேறிய நாட்டுக்கு உதவக் கூடாது என்று தடை இல்லை. கணக்கில் ஏறாத உதவிக்கு நிதி ஒதுக்க யாரும் எளிதில் முன்வருவதில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கல். மக்கள்தொகை குறைவு, சுற்றுலா வருவாய் நன்றாக இருக்கிறது என்றால் தலா வருமானம் சட்டென்று உயர்ந்துவிடும். ஒரே ஒரு புயல் அதைத் துடைத்துப் போட்டுவிடும் என்பது அந்த எண்ணில் தெரியாது. 2017இல் மரியா புயல் டொமினிக்காவுக்கு ஏற்படுத்திய சேதமும் இழப்பும் அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். பெரிய நாட்டில் ஒரு மாநிலம் அடிபட்டால் மற்ற மாநிலங்கள் தாங்கும். தீவில் அடிபடுவது நாடு முழுவதும்.

இரண்டாவது, ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியல். வருமானம், மக்களின் கல்வி-சுகாதார நிலை, பாதிப்புக்குள்ளாகும் தன்மை என மூன்று அளவுகோல்கள். இரண்டில் தேறினால் போதும், வெளியேறத் தகுதி வந்துவிடும். தீவுகள் பெரும்பாலும் தேறாமல் நிற்பது மூன்றாவதில்தான், ஆனால் அது ஒன்றே அவற்றைப் பட்டியலில் நிறுத்தி வைக்காது. மாலத்தீவை வெளியேற்ற ஐ.நா. முடிவெடுத்தது 2004 டிசம்பர் 20 அன்று. ஆறாம் நாள் சுனாமி வந்தது. வெளியேற்றத்தை 2011 வரை தள்ளிவைத்தார்கள். சமோவாவுக்கு 2009 சுனாமிக்குப் பிறகு 2014 வரையும், வனுவாட்டுவுக்கு 2015 பாம் புயலுக்குப் பிறகு 2020 வரையும் அவகாசம் கிடைத்தது. அடி விழுந்த பிறகே இரக்கம் காட்டும் விதி இது.

இருப்பதில் நல்ல விதி என்று நான் கருதுவது உலக வங்கியின் ஐடிஏ பிரிவில் இருக்கிறது. ஏழை நாடுகளுக்கான இந்தச் சலுகைக் கடனை, வருமான வரம்பைத் தாண்டிய சிறு தீவுகளுக்கும் விதிவிலக்காக 1985 முதல் தருகிறார்கள். திருப்பிக் கட்ட 40 ஆண்டுகள், அதில் முதல் 10 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை.

இதே விதிவிலக்கைப் பொது விதியாக்க வேண்டும் என்பதே தீவு நாடுகளின் நெடுங்காலக் கோரிக்கை. அதன் பலனாக, 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை 'பல்பரிமாணப் பாதிப்புக் குறியீடு' ஒன்றை ஏற்றது. ஒரு நாடு எவ்வளவு எளிதில் அடிபடும், அடிபட்டால் எழுந்து நிற்க எவ்வளவு வலு இருக்கிறது என்ற இரண்டையும் அது அளக்கிறது. ஆனால் எந்த வங்கியும் கொடையாளரும் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலா வருமானத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்காதவரை உதவி போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

காலநிலை நிதி தனி வழி. பசுமைக் காலநிலை நிதியம் தன் தகவமைப்பு நிதியில் (காலநிலை மாற்றத்தின் பாதிப்பைச் சமாளிக்கத் தரும் பணம்) குறைந்தது பாதியை, தீவுகள் உள்ளிட்ட அதிகம் பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் விண்ணப்பம் தயாரிப்பதே பெரும் வேலை. நாலைந்து அதிகாரிகளே உள்ள அமைச்சகத்துக்கு அது மலைப்பான காரியம்.

பேரிடர் நேரத்துக்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. கரீபியன் நாடுகள் 2007இல் தொடங்கிய கூட்டுக் காப்பீடு, காற்றின் வேகம் போன்ற அளவுகளை வைத்தே தொகையைக் கணக்கிட்டு 14 நாட்களுக்குள் தந்துவிடுகிறது. இன்னொன்று, கடன் தவணையை நிறுத்திவைக்கும் ஷரத்து. கிரெனடா 2015இல் தன் கடன் பத்திரங்களில் இதை எழுதி வாங்கியிருந்தது. 2024இல் பெரில் புயல் தாக்கியபோது அதைப் பயன்படுத்தி, கட்ட வேண்டிய பணத்தை மீட்புப் பணிக்குத் திருப்ப முடிந்தது. உலக வங்கியும் இப்போது சிறு நாடுகளுக்கு அசல், வட்டி இரண்டையும் இரண்டு ஆண்டுகள் வரை தள்ளிவைக்கிறது, பழைய கடன்களுக்கும் சேர்த்து. மற்ற அரசுகளும் தனியார் முதலீட்டாளர்களும் கொடுத்த கடனுக்கு இது தானாகப் பொருந்தாது. அதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.