நாடகம் பார்த்து எழுதுபவர்களுக்கு: மேடையில் யார் எதைச் செய்தார்கள்?

இந்த வாரமும் ஒரு நாடக விமர்சனம் திருத்தத்துக்கு வந்தது. அதில் ஒரு வரி: “இறுதியில் மேடையைச் செந்நிறத்தில் மூழ்கடித்து வன்முறையின் தொடர்ச்சியை நாடகாசிரியர் உணர்த்துகிறார்.” அச்சில் உள்ள பிரதியை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் சிவப்பு விளக்கு என்ற பேச்சே இல்லை. அதை முடிவு செய்தவர் இயக்குநராக இருக்கலாம், ஒளி வடிவமைப்பாளராக இருக்கலாம். நாடகாசிரியர் இல்லை. இப்படி ஒரு வரியாவது இல்லாத கட்டுரை அபூர்வமாகிவிட்டது.

சின்ன விஷயம்தானே என்பார்கள். சின்ன விஷயம் இல்லை. கடைசி நாள் நிகழ்வு முடிந்து தட்டிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகு, அந்த நாடகத்தில் மிஞ்சுவது சில புகைப்படங்களும் நீங்கள் எழுதிய கட்டுரையும்தான். பல ஆண்டுகள் கழித்து ஒரு ஆய்வு மாணவர் அதைத்தான் மேற்கோள் காட்டுவார். அதில் பிழை இருந்தால் அதுவே வரலாறாகிவிடும். ஒளி வடிவமைப்பாளர் செய்த வேலை இன்னொருவர் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது? ‘நாடகம்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எழுதப்பட்டது பிரதி. அதை வைத்து ஒரு குழு பல வாரம் ஒத்திகை பார்த்து உருவாக்கியது மேடையாக்கம். நீங்கள் போய் உட்கார்ந்து பார்த்தது ஒரு குறிப்பிட்ட மாலையின் நிகழ்வு. மூன்றுக்கும் பொறுப்பாளர்கள் வேறு, ஆயுளும் வேறு.

ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘கடற்பறவை’ 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் முதன்முறை மேடையேறியபோது பார்வையாளர்கள் கேலி செய்து கூச்சலிட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1898 டிசம்பரில், மாஸ்கோ கலை அரங்கம் அதே நாடகத்தைப் போட்டபோது அது பெரும் வெற்றி. ஒரே பிரதிதான், மேடையாக்கம் வேறு. “கடற்பறவை தோல்வியடைந்தது” என்று மட்டும் ஒருவர் எழுதிவைத்தால் அது எவ்வளவு பெரிய தவறான தகவல்! ‘செர்ரித் தோட்டம்’ 1904இல் மேடையேறியபோது நடந்ததும் இதற்கு நெருக்கமானது. செகாவ் அதை நகைச்சுவை நாடகம் என்றார். இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி துயர நாடகமாகவே போட்டார். எழுதியவருக்கு அதில் கடும் மனக்குறை. அன்று அரங்கில் இருந்த ஒருவர், “நாடகாசிரியர் நம்மைக் கண்கலங்க வைக்கிறார்” என்று எழுதியிருந்தால் யாருடைய வேலையை யார் கணக்கில் எழுதியிருப்பார்?

பிரித்தறிவது கடினமில்லை. எழுதப்போகும் ஒவ்வொரு விவரத்தையும் இரண்டு கேள்விகளில் வடிகட்டுங்கள். இதே பிரதியை வேறொரு குழு போட்டாலும் இது இருக்குமா? இருக்கும் என்றால் பிரதி. இல்லையென்றால் அடுத்த கேள்வி: இதே குழு நாளை மறுபடி போட்டால் இது இருக்குமா? இருக்கும் என்றால் மேடையாக்கம். அதுவும் இல்லையென்றால் அன்றைய நிகழ்வு. ஒருவர் வசனத்தை மறந்தது, மின்சாரம் போனது, முன்வரிசையில் குழந்தை சிரித்ததற்கு நடிகர் பதில் சொன்னது எல்லாம் இந்தக் கடைசி வகை. அவை சுவையாக இருக்கும், எழுதலாம். ஆனால் “அன்று மாலை” என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். வினைமுற்றும் உதவும்: பிரதியில் உள்ளதை நிகழ்காலத்திலும் (“மகள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள்”), நீங்கள் மேடையில் கண்டதை இறந்தகாலத்திலும் (“பார்வையாளர்களின் நடுவே இறங்கி நடந்தார்”) எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மௌனமும் அசைவும் எப்போதும் இயக்குநருடையவை என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். பெக்கெட் போன்ற நாடகாசிரியர்கள் இடைநிறுத்தங்களைக்கூடப் பிரதியிலேயே எழுதிவைத்தவர்கள். பிரதியைப் படிக்காமல் இதைச் சொல்ல முடியாது. படியுங்கள், அல்லது குழுவிடம் கேளுங்கள். இன்னொன்று, ஒத்திகையிலேயே குழுவாகச் சேர்ந்து உருவாக்கும் நாடகங்கள் உண்டு. அவற்றுக்கு ஒரு நாடகாசிரியரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். “ஆக்கம்: குழு” என்றே எழுதலாம்.

அடுத்து, நம் மொழியிலேயே இரட்டைப் பொருள் தரும் சில சொற்கள். “மூன்று காட்சிகள் நடந்தன” என்றால் நாடகத்துக்குள் மூன்று காட்சிகளா, மூன்று முறை நாடகம் போட்டார்களா? உட்பிரிவைக் காட்சி என்றும், போட்ட தடவையை நிகழ்வு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ தன் உட்பிரிவுகளை அங்கம், களம் என்று தெளிவாகப் பிரித்திருக்கிறது. நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. “நடிகர்களின் இயக்கம் சிறப்பு” என்றால் அவர்கள் நகர்ந்த விதமா, அவர்களை இயக்கிய விதமா? நகர்வு, அசைவு என்று எழுதினால் சந்தேகம் வராது. ‘அரங்கு’ என்றால் கட்டடமா, மேடையா, நாடகத் துறையா? ‘பின்னணி’ என்றால் திரைச்சீலையா, இசையா? இசை என்றால் ஓரமாக உட்கார்ந்து வாசித்தார்களா, பதிவை ஓடவிட்டார்களா? ‘முதல் அரங்கேற்றம்’ வேண்டாம், அரங்கேற்றமே முதல்தான்.

இடமும் வலமும் யாருடையவை? மேடைத் தொழிலில் வலம் என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலம். உங்களுக்கு அது இடப்பக்கம். வாசகருக்காக எழுதும்போது “பார்வையாளருக்கு இடப்புறம்” என்று முழுமையாக எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

பாராட்டுச் சொற்களுக்கு வருவோம். “ஒளியமைப்பு அருமை.” “நடிகர்கள் பாத்திரமாகவே வாழ்ந்தார்கள்.” “அரங்க வடிவமைப்பு நாடகத்துக்கு வலு சேர்த்தது.” இந்த மூன்று வரிகளையும் நாடகம் பார்க்காமலே எழுதலாம். தயவுசெய்து எழுதாதீர்கள். ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எங்கிருந்து வந்தது, என்ன நிறம், எதன்மேல் விழுந்தது, எவ்வளவு வேகத்தில் மாறியது, இந்த நான்கையும் பாருங்கள். சட்டென்று அணைவதும் மெல்ல மங்குவதும் ஒன்றல்ல. முன்னது வெட்டிவிடும், பின்னது பார்வையாளருக்கு மூச்சுவிட நேரம் தரும். “தாய் கடிதத்தைப் பிரிக்கும்போது மேல்விளக்குகள் மெல்ல அடங்கின. பக்கவாட்டிலிருந்து வந்த ஒற்றை வெளிச்சம் அவள் கைகளில் மட்டும் விழுந்தது. கடிதம் முடியும்வரை முகம் இருட்டிலேயே இருந்தது.” இதில் ‘அருமை’ எங்கும் இல்லை, ஆனால் அந்த வடிவமைப்பாளர் என்ன செய்தார் என்பது பார்க்காதவருக்கும் தெரிகிறது. நடிப்புக்கும் இதேதான். பேச்சு எந்த இடத்தில் நின்றது, குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா, எதிரே இருப்பவரைப் பார்த்தாரா பார்க்காமல் பேசினாரா என்று எழுதுங்கள்.

முத்திரை குத்துவதில்தான் மிகப் பெரிய அலட்சியம். தெருவில் நடப்பதெல்லாம் தெருக்கூத்து இல்லை. தெருக்கூத்து வட தமிழகத்தின் மரபுக் கலை: இரவெல்லாம் நடப்பது, பெரும்பாலும் பாரதக் கதை, முகவீணை என்ற சிறு ஊதுகருவியும் மிருதங்கமும், திரை பிடித்து வேடம் வருவது, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன். வீதி நாடகம் அரசியல் பேசவும் செய்தி சொல்லவும் வந்த நவீன வடிவம்: பெரும்பாலும் அன்றாட உடை, குறைந்த நேரம், விளக்கும் திரையும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி) என்று ஆர்மோனியத்தோடு வருவது இசை நாடகம். இலங்கையில் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆட வைப்பவர் அண்ணாவியார். அவற்றைத் தெருக்கூத்து என்று எழுதுவது இரண்டு மரபுகளையும் அவமதிப்பது.

கட்டியங்காரன் பார்வையாளரிடம் நேராகப் பேசினால் உடனே “பிரெக்டிய உத்தி” என்கிறார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பிறந்தது 1898இல். கூத்து அதற்கு முன்பே பார்வையாளரோடு பேசிக்கொண்டிருந்த கலை. பிரெக்ட் சொன்ன அந்நியமாதல் ஒரு நோக்கத்தோடு செய்வது: பழகிப்போன ஒன்றைப் பழகாததாகக் காட்டி, “இது ஏன் இப்படி இருக்கிறது, மாற்ற முடியாதா?” என்று கேட்க வைப்பது. நேராகப் பேசுவது அதற்கான ஒரு வழி மட்டுமே. நாடகத்தோடு ஒட்ட முடியவில்லை என்பதைச் சொல்லவும் ‘அந்நியமாதல்’ என்ற சொல்லையே எடுக்கிறார்கள். அதற்கு “என்னால் ஒன்ற முடியவில்லை” போதும். ‘அபத்த நாடகம்’ என்பதும் புரியாததற்கெல்லாம் ஒட்டும் சீட்டு இல்லை. 1961இல் நாடக விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் சில ஐரோப்பிய நாடகாசிரியர்களைச் சேர்த்துப் பேசும்போது நிலைபெறச் செய்த பெயர். கூத்துக்காரரின் உரத்த குரலை ‘மிகை நடிப்பு’ என்பவர்கள், விடிய விடியத் திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரல் அது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பு, தழுவல் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆள், ஊர், காலம் மாறாமல் மொழி மட்டும் மாறினால் மொழிபெயர்ப்பு. அவை மாறினால் தழுவல். சிறுகதையோ நாவலோ மேடைக்கு வந்தால் நாடகமாக்கம். மூலத்தை எழுதியவர் பெயரோடு இதைச் செய்தவர் பெயரும் வர வேண்டும்.

போகும்போது சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். கைபேசியைத் திறக்காதீர்கள், அந்த வெளிச்சம் மேடையிலிருந்து தெரியும். இருட்டில் பெயரடைகளைக் குறிக்க வேண்டாம், வினைச்சொற்களைக் குறியுங்கள்: ‘எழுந்தார்’, ‘துணியை மடித்தார்’, ‘திரும்பவில்லை’. அன்றிரவே உட்கார்ந்து விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் உங்கள் கருத்து இருக்கும், விவரம் இருக்காது. வசனம் அப்படியே நினைவில்லை என்றால் மேற்கோள் குறி போடாதீர்கள். தூண் மறைத்து ஒரு மூலை தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. தேதி, இடம், எத்தனையாவது நிகழ்வு, இடைவேளையோடு எவ்வளவு நேரம் என்பவை முதல் பத்தியிலேயே வரட்டும்.

நிகழ்ச்சித் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லையென்றால் முடிந்தபின் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். ஒளியை வடிவமைத்தவரும் அன்று விளக்குகளை இயக்கியவரும் ஒருவரேதானா என்று தனியாகக் கேளுங்கள். பல குழுக்களில் இருவர். மேடை நிர்வாகி, உடை, ஒப்பனை, அரங்கப் பொருள் பார்த்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அவர்கள் எழுதும் எழுத்திலேயே, முதலெழுத்தோடு, அவர்கள் கையாலேயே உங்கள் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.